ஏழாம் படுக்கை சொன்னது

இந்த அம்மா வாயை மூடினால்தானே நான் காதைத் திறக்க முடியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ். எதையும் வெளியே சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. வார்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்றே பெயர்.

நோயாளிகள் சொல்வதை எப்படிக் கேட்பது என்று பயிற்சியாளர் இரண்டு நாளாக மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்க்க வேண்டும், தலையை ஆட்ட வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. யாரோ சந்தேகம் கேட்க வாயெடுத்தபோது, "முடிச்சிடறேம்மா" என்று அமர்த்திவிட்டார். இதில் தேறினால்தான் வார்டுப் பொறுப்பு கிடைக்கும். ஒன்பது வருஷமாக அந்த நாற்காலி அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

நல்ல உதாரணத்துக்குப் பயிற்சியாளர் தன் தாயாரையே இழுத்தார். இடுப்பெலும்பு முறிந்து இதே ஆஸ்பத்திரியில் ஏழாம் படுக்கையில் இருக்கிறார். தினமும் சாயந்திரம் இவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாராம். பத்தே நிமிஷத்தில் அம்மா குழந்தை மாதிரி தூங்கிவிடுவாராம். அன்பான பேச்சே மருந்து என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அவள் எழுதவில்லை. காலையில் முதுகு துடைத்துவிட்டபோது அந்தத் தாயார் சொன்னது காதிலேயே இருந்தது.

"அவ வந்தா கண்ண மூடிக்குவேன் சிஸ்டர். தூங்கறேன்னு நெனச்சாத்தான் பேச்ச நிறுத்துவா. நிறுத்திட்டு, என் கையப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்காருவா. அதுக்குத்தான். அவகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் அதுவும் போயிடும்."

கடைசித் தேர்வில், நோயாளி மனம்விட்டுச் சொன்ன ஒன்றை எழுந்து நின்று சொல்ல வேண்டும். முன்னால் போனவர்கள் சரளமாக அளந்துவிட்டார்கள். ஒருத்தி, வார்டில் இல்லவே இல்லாத ஒரு நோயாளிக்காக அழக்கூடச் செய்தாள். முழு மார்க்.

அவள் முறை வந்தது. பயிற்சியாளர் பேனாவை மூடி வைத்தார். குரல் இறங்கியது.

"எங்கம்மா உங்ககிட்ட மட்டும் நிறைய பேசறாங்கன்னு ஆயா சொன்னாங்க. அதையே சொல்லுங்க. என்ன சொல்றாங்க?"

இரண்டு நாளில் முதல் முறையாக அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவர் கண்ணைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"அது என்கிட்ட சொன்னது, மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.