வெள்ளைக் கண் ஈக்கள்

மாமனார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். அந்தக் கொஞ்ச நாளின் நீளம் மருமகளுக்குப் புரிந்தது.

ரயில் ஓட்ட வேண்டும் என்பது பேரனுக்குப் பால்பல் விழாத காலத்து ஆசை. போன வாரம் கண் பரிசோதனையில், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கிழவருக்கும் அதே கோளாறு. தக்காளி பழுத்ததா என்று அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். பிறகென்ன, பழி நேராக அவர் தலையில் விழுந்தது. பெற்ற மகனே "எல்லாம் உங்க ரத்தம்தான்பா" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவர் பேரனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

மருமகளுக்கு ஆய்வுக்கூடத்தில் பழ ஈ வளர்க்கும் வேலை. வீட்டில் பட்டப்பெயர் ஈக்காரி. பரிசோதனை முடிவு வந்தபோதே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை. நல்ல பெயர் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஆய்வுக்கூடம் வரை வாங்க மாமா என்று கையோடு அழைத்துப்போனாள்.

முதல் குப்பியில் பிறந்த ஈக்களுக்குத் தகப்பன் வெள்ளைக் கண், தாய் சிவப்புக் கண். அவற்றை மயக்கித் தட்டில் கொட்டி, நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். சிவப்பு அவருக்குக் கருமையாகத்தான் தெரிந்தது. வெள்ளை என்றால் தப்பாது. மகன்களில் ஒன்றுக்குக்கூட வெள்ளைக் கண் இல்லை.

இரண்டாவது குப்பியில் பெற்றோர் இருவருக்கும் சிவப்புக் கண். ஆனால் மகன்களில் பாதிக்கு வெள்ளை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

வெள்ளைக் கண் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமோடு ஒட்டி வருவது என்றாள். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் மற்றதன் ஓங்கிய குணம் மூடிவிடும். ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் தாய் கொடுப்பது. குறையை மறைக்க ஆள் இல்லை. மனிதரில் சிவப்பு பச்சை பிரியாத கோளாறும் இதே வழியில்தான் வருகிறது.

"உங்க எக்ஸ் உங்க பையனுக்கே போகல மாமா. பேரனுக்கு எப்படிப் போகும்? என்கிட்டேருந்துதான் வந்திருக்கு. அன்னைக்கே தெரியும், சொல்லப் பயமா இருந்துச்சு."

திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். கிழவர் மறுபடி குனிந்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தாய் ஈ தெரிஞ்சா குடுத்துச்சு?"

"இல்ல மாமா."

"அப்ப நீயும் பெட்டி கட்டிடாதே. வா, வீட்டுக்குப் போலாம். அந்தப் பயலுக்கு இன்னும் தக்காளி வாங்கத் தெரியாது."