வரிசையக்கா தனக்காக நின்ற நாள்

அந்த ஊரில் விளைவதென்று ஒன்றும் கிடையாது. வயல் இல்லை, ஆலை இல்லை, வருகிறவன் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு கல்கூட இல்லை. இருந்ததெல்லாம் ஒரு வரிசைதான். எல்லையைத் தாண்டிப் போக அனுமதிச் சீட்டு கொடுக்கிற அலுவலகத்தின் முன்னால், விடியும்போதே தொடங்கி வெயில் தாழும்வரை நீளும் வரிசை. அதை நம்பித்தான் டீக்கடை, ஜெராக்ஸ் கடை, அரை மணியில் போட்டோ தருகிற ஸ்டூடியோ, குடையும் மடக்கு ஸ்டூலும் வாடகைக்கு விடுகிறவர், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றித் தருகிறவர், மூன்று விடுதிகள் எல்லாம் பிழைத்தன. "வரிசை ஒருநாள் படுத்துச்சுன்னா ஊரே படுத்துடும்" என்பார் டீக்கடைக்காரர். பொய்யில்லை.

அந்த வரிசையில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறவள் ஒருத்தி இருந்தாள். வீட்டில் வைத்த பேர் என்னவோ, ஊருக்கு அவள் வரிசையக்கா. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இடம் பிடித்து நிற்பாள். ஜன்னலுக்கு மூன்று ஆள் மிச்சம் இருக்கும்போது, காசு கொடுத்து நிற்கச் சொன்ன பார்ட்டிக்குப் போன் போடுவாள். பார்ட்டி ஓடிவந்ததும் பக்கவாட்டில் ஓரடி விலகி, "வாங்க, உங்க முறை" என்று கையைக் காட்டுவாள். அவ்வளவுதான் தொழில். நிற்பதெல்லாம் ஒரு தொழிலா என்று வாய் கூசாமல் கேட்கிறவர்களை அந்த வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும்.

நிற்பதோடு விட்டாளா? ஜன்னலில் என்ன சொல்ல வேண்டும் என்று பாடமும் நடத்துவாள். "எத்தனை நாள்னு கேப்பாரு. பதினஞ்சு நாள்னு சொல்லு. யோசிக்காம சொல்லு. மேல பாக்காத, கீழ பாக்காத." அந்தப் பக்கம் காய்கறி பாக்கிங் ஆலைகள் ஒன்று மாற்றி ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்தன, எத்தனை ஆள் போனாலும் போதவில்லை. போனவர்களில் யார் பதினைந்து நாளில் திரும்பினார்கள் என்று கேட்டால் அவளே சிரித்துவிடுவாள். அவள் பெற்ற மகளும் அப்படிப் போனவள்தான். நாலு வருஷம் ஆகிறது. அங்கேயே தங்கி வேலை பார்க்க ஆலைச் சீட்டு வாங்கி, கல்யாணமும் முடித்துவிட்டாள்.

இப்போது அந்த மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. மருமகன் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டு இன்னும் தூரத்தில் எங்கோ இருந்தான். மாதக் கடைசிக்கு முன்னால் வர வழியில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இல்லம்மா. நீ வந்தா போதும்" என்று போனில் சொன்ன மகள் அழவில்லை. போனை வைத்ததும் வரிசையக்கா காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினாள். இன்றைக்குச் சீட்டு கிடைத்தால் நாளைக்குப் பஸ் ஏறலாம். மனுவைத் தள்ளிவிட்டால் ஆறு மாதத்துக்கு மறுபடி கேட்கவே முடியாது.

ஆகவே அன்றைக்கு அவள் தனக்காக நின்றாள்.

டீக்கடைக்காரர் நின்ற இடத்துக்கே டீ கொண்டுவந்தார். "நீங்க போயிட்டா வரிசைய யாருக்கா பாத்துக்குவா?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்த வரிசைதான் இது. டீயைக் கொடுத்துட்டு அடுப்பைப் பாருங்க."

வாய் சவடாலாகப் பேசியதே தவிர, கை காகிதங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற ஆள் வேலை முடிந்து போனதும் நடந்தது கூத்து. அவள் கால் தானாகப் பக்கவாட்டில் விலகியது, கை நீண்டது. "வாங்க, உங்க முறை" என்று பின்னால் நின்ற கொத்தனாரிடம் சொல்லியும் விட்டாள்.

அவர் நினைத்திருந்தால் போயிருக்கலாம். நல்ல மனுஷன். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மட்டக்கோலால் அவளை லேசாக முன்னே தள்ளி, "அக்கா, இன்னைக்கு பார்ட்டி நீங்கதான்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்காமல் ஜன்னலுக்கு நகர்ந்தாள்.

கம்பிக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி. பன்னிரண்டு வருஷமாக எதிரெதிரே இருந்தும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். காகிதங்களைப் புரட்டினார். மகளின் ஆலைச் சீட்டு, ஆஸ்பத்திரிக் கடிதம், எல்லாம் மும்மூன்று நகல். குறை சொல்ல இடமே இல்லை.

"எத்தனை நாள்?"

"பதினஞ்சு நாள்."

யோசிக்கவில்லை. மேலே பார்க்கவில்லை, கீழே பார்க்கவில்லை. அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

"இதே பதில், இதே வேகம். இந்த ஜன்னல்ல எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்? யாரு சொல்லிக் கொடுக்கறாங்கன்னும் எனக்குத் தெரியும். சந்தேகமா இருந்தா தள்ளிடச் சொல்லி போன வாரம்தான் மேலிருந்து ஆர்டர் வந்திருக்கு. இப்ப நீங்களே அதைச் சொல்றீங்க. நான் எப்படிம்மா நம்பறது?"

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருந்தவளுக்குத் தனக்கென்று ஒரு பதில் இல்லை. இருபது என்று சொல்லலாமா, ஒரு மாதம் என்று சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. மகள் தனியாக ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது கண்ணில் வந்து நின்றது.

"தெரியல சார்" என்றாள். "பொய் சொல்ல வராம இல்ல, இத்தனை வருஷம் அதைத்தானே சொல்லிக் கொடுத்தேன். என் பொண்ணுக்கு நாப்பது நாள்தான் லீவு. அதுக்கு மேல வீட்ல இருந்தா வேலை போயிடும். பச்சப் புள்ளைய யார் கையில குடுத்துட்டு அவ ஆலைக்குப் போவா? அது குப்புற விழணும், உக்காரணும், தவழணும். அதுக்கெல்லாம் எத்தனை நாள்னு நான் எப்படிச் சொல்றது? ஒண்ணு மட்டும் சொல்றேன் சார். இங்கேருந்து போனவங்க யாரும் ஊர் சுத்திப் பாக்கப் போகல. அது உங்களுக்கும் தெரியும்."

அதிகாரி ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

"இந்த வாரமா?"

"ஆமா சார்."

"முதல் பேரப்புள்ளையா?"

"முதல்."

பேனாவைத் திறந்தார். "தொண்ணூறு நாள்தான் என்னால எழுத முடியும். அதுக்கு மேல எனக்கு அதிகாரம் கிடையாது." முத்திரையை அழுத்தி, சீட்டைக் கம்பிக்கு அடியில் தள்ளினார்.

எத்தனையோ பேர் கையில் பார்த்த காகிதம்தான். தன் கையில் வந்ததும் அவளுக்குக் கண் நிறைந்து எழுத்தெல்லாம் கலங்கிப்போனது. நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"தொண்ணூறு நாளைக்கு அப்புறம் சார்?"

"அந்தப் பக்கம் நீட்டிப்பு ஆபீஸ் இருக்கு. அங்கயும் கூட்டம்தான். விடியறதுக்குள்ள போய் நிக்கணும். கைப்புள்ளைய வச்சுக்கிட்டு உங்களால முடியுமா?"

"அதுக்கு என்ன சார்" என்றாள் வரிசையக்கா. "அந்த ஊர்ல பாதிப் பேர் நான் இடம் பிடிச்சு அனுப்பினவங்க. எனக்காக ஒருத்தர் நிக்க மாட்டாங்களா?"