வாத்து பதிலுக்குக் காத்திருக்கும்

என் நாத்தனார் ஒன்றும் பேரழகி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பீர்கள்.

கணவரின் அக்கா, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இளவயதில் அவர் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். காலுறையில் தைத்த வாத்து ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, "நாலு முட்டை இருந்துச்சு, ஒண்ணு உடைஞ்சுடுச்சு, மீதி எத்தனை?" என்பார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. மங்கலான படம், பின்னால் ஒரு நீலத் திரை, அதிலும் சுருக்கம். அந்தப் பழைய நாடாக்களை யாரிடமோ கொடுத்து மாற்றி, போன மாதம் பென் டிரைவில் கொண்டுவந்தார்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க இதெல்லாம் எங்க பாக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். பேச்சில்தான் அடக்கம், முகமெல்லாம் பெருமை.

நான் குழந்தைகளுக்கான பாட வீடியோக்களை எடிட் செய்கிறவள். எங்கள் வீடியோவில் எண்கள் குட்டிக்கரணம் போடும். என் ஐந்து வயது மகளுக்காகவே எண்ணுகிற யானை ஒன்றைச் செய்தேன். யானையை ஒரே ஒரு தடவை பார்த்தாள். வாத்தைத் தினமும் பார்க்கிறாள். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். அண்ணி மட்டும் என்ன அசலூரா?

பார்ப்பதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "இன்னைக்கு நீ எதை எண்ணினே?" என்று வாத்து கேட்பது காதில் விழுந்தது. கேட்டுவிட்டு அண்ணி திரையிலிருந்து நேராகப் பார்த்தபடி சும்மா இருந்தார்.

"மாடிப்படி எண்ணினேன்" என்றாள் என் மகள், திரையைப் பார்த்து. "என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு என்கூட விளையாட மாட்டேன்னுட்டா. அதான் தனியா எண்ணினேன்."

பள்ளியிலிருந்து வந்ததும் நானும் என்ன நடந்தது என்றுதானே கேட்டேன்? "ஒண்ணுமில்லம்மா" என்றவள் இவள்தானே? பெற்றவளிடம் சொல்லாததைக் காலுறையிடம் சொல்கிறாள்.

அன்றைக்கே அந்த வீடியோக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெருகேற்றப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அதில் பாதி உண்மை. நிறம் ஏற்றினேன், இரைச்சலை எடுத்தேன். யாரும் பேசாத நேரத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ஓட்டை என்று பெயர். ஓட்டை விழுந்தால் பிள்ளை அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடும் என்பது அங்கே வேதவாக்கு. அண்ணியின் நிகழ்ச்சியோ ஓட்டைச் சல்லடை. அத்தனையையும் வெட்டி ஒட்டினேன். பாதியாகச் சுருங்கியது. மீதி நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்தே பேர் வாங்கியிருக்கிறார் மகராசி.

மறுநாள் மகள் புது வாத்தின் முன்னால் உட்கார்ந்தாள். "மீதி எத்தனை?" என்றது வாத்து. இவள் வாயைத் திறப்பதற்குள், "மூணு, சபாஷ்!" என்று அதுவே சொல்லிக்கொண்டது. அடுத்த கேள்விக்கும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டாள். யானை வீடியோவையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தபோது வாசலிலேயே மகள் வழக்கு வைத்தாள்.

"அத்தை, இப்பல்லாம் நீங்க என்னைப் பேசவே விடமாட்டேங்கறீங்க."

அண்ணி ஒன்றும் புரியாமல் உட்கார்ந்து அந்தப் புது வீடியோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சண்டைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

"அந்த இடத்துல பிள்ளை பதில் சொல்லுது, முடிக்கட்டும்னு காத்திருப்பேம்மா" என்றார். "எந்தப் பிள்ளை, எங்க இருக்குன்னு டைரக்டர் கத்துவார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?" சொல்லிக்கொண்டே என் மகளை மடியில் இழுத்துக்கொண்டார். அவளும் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இத்தனை எரிந்திருக்காது.

அண்ணி போனதும் பழைய வாத்தையே திரும்பப் போட்டுவைத்தேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தவளை எதிரில் உட்காரவைத்தேன். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சாப்பிட்டியா, அழுதியா, யார் அடிச்சா என்று நாக்கு நுனிவரை வந்ததையெல்லாம் விழுங்கினேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. அண்ணி பார்ப்பது போலவே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பாவம் பார்த்து என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"என்னம்மா, அடுத்தது என்ன சொல்லணும்னு மறந்துட்டியா?"