முகமூடிக்குக் கழிவு

குன்னத்துகாலில் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் எனக்குப் பன்னிரண்டு வருட வேலை. ஈர ஷீட்டைக் கையில் தூக்கினாலே தண்ணீருக்கு எவ்வளவு எடை கழிக்கலாம் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் என்னோடு மைதானத்துக்கும் வந்தது.

ஜெனில் என் கூட்டுக்காரன், பழைய சிநேகிதன். காலையில் ரப்பர் பால் வெட்டுவான், சாயங்காலம் போலீஸ் தேர்வுக்காக ஓடிப் பழகுவான். இரண்டரை கிலோமீட்டரைப் பதிமூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த வருடத்தோடு வயது வரம்பு தாண்டிவிடும், இனி வாய்ப்பே கிடையாது. யார் பேச்சைக் கேட்டானோ, மூச்சைத் தடுக்கும் முகமூடி ஒன்று வாங்கி வந்தான். அதில் நாலு ஓட்டை. ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே ஓடினால் நெஞ்சு பலப்படுமாம், தேர்வன்று கழற்றிவிட்டுப் பறக்கலாமாம்.

நேரம் பார்ப்பது என் வேலை. முதல் மாதம் பதிமூன்றே முக்கால் நிமிடம் ஓடினான்.

"எலே மக்கா, மாஸ்குக்கு ஒரு நிமிசம் கழிவு உண்டு. நீ பன்னிரண்டே முக்காலாக்கும்," என்றேன்.

அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! அடுத்த மாதம் பதினாலரை. ஓட்டை ஒன்று அடைத்திருந்ததால் இரண்டு நிமிடம் கழித்தேன். மூன்றாம் மாதம் எதையும் புதிதாக அடைக்கவில்லை, ஆனாலும் பதினாறாகிவிட்டது. வெயில் என்று சொல்லி அதற்கும் சேர்த்துக் கழித்தேன்.

"மாஸ்கு இல்லாம ஒருக்கா ஓடிப் பாக்கட்டா?" என்று கேட்டான்.

"வேண்டாம்லே, மூச்சுக்குப் பழக்கம் கெட்டுப்போவும்."

வாய் கூசாமல் சொன்னேன். கடையில் கழிவு போட்டால் ஷீட்டைக் கொண்டுவந்தவனாவது சண்டைக்கு வருவான். இவன் என்னை நம்பினான்.

தேர்வன்று முகமூடி இல்லை. முதல் இரண்டு சுற்றுக்கே கடைசி ஆளாகிவிட்டான். நான் கம்பிக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தான், பிறகு விழுந்தான்.

இருதயம் வீங்கிப் போயிருக்கிறது என்றார் டாக்டர். மாதக்கணக்காக இருக்கும் நோயாம். ஓட்டம் குறையத் தொடங்கியபோதே கொண்டுவந்திருந்தால் காப்பாற்ற வழி இருந்திருக்கும், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார்.

"குறையல்லியே டாக்டர்," என்றாள் அவன் மனைவி லிஜி. "வேகம் கூடிட்டே வருதுண்ணுதானே அபிலாஷ் அண்ணன் சொன்னாவ."

டாக்டர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"பதினாறு ஆச்சு," என்றேன். "பதிமூணே முக்காலில இருந்து பதினாறு. நான்தான் கழிச்சுச் சொன்னேன்."

லிஜி என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"மூச்சு முட்டுது, இன்னைக்குப் போவலண்ணு எத்தனை நாள் சொன்னாரு," என்றாள். "வேகம் கூடுதே, பின்ன என்ன சீக்கு, என்ன தீனம்ணு நான்தான் பிடிச்சுத் தள்ளி விட்டேன்."