செத்தவன் பேசக்கூடாது

என் மந்திரவாதியின் உடல் சூடு ஆறுவதற்குள் என் மச்சான் அவன் செருப்பைக் கழற்றிவிட்டார். பறக்கும் செருப்பு, விடுவாரா?

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு கற்பனை விளையாட்டுக்காகக் கூடுவோம். டாக்டரம்மா கதையை நடத்துவார்; நாங்கள் மூவரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிச் சண்டை போடுவோம். என் மனைவி திருடி, அவளுடைய அண்ணன் வாள்வீரர், நான் மந்திரவாதி. மூன்று வருடமாகப் பிள்ளையைப் போல வளர்த்த மந்திரவாதி. அன்று டிராகன் கக்கிய தீயில் கருகிப் போனான்.

செத்த காரணத்தை டாக்டரம்மா என் காதில் மட்டும் சொன்னார். அவன் விரலில் இருந்த சிவப்புக் கல் மோதிரம் சாபம் பிடித்தது. போட்டிருப்பவரைத் தேடித்தான் தீ வரும்.

எச்சரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"செத்தவன் பேசக்கூடாது மாப்பிள்ளை," என்றார் மச்சான்.

அவர் கொண்டுவந்த சட்டம் அது. செத்தவன் பேசக்கூடாது, உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். அவர் ஒருமுறைகூடச் செத்ததில்லை என்பதால் அந்தச் சட்டத்தின்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மந்திரவாதியின் பையில் ஒரு சுருள் இருந்தது. அதைப் படித்தால் செத்தவர் ஒருவர் எழுந்து வருவார், ஒரே ஒருவர். ஆனால் எழுந்தால் நான் என் பொருள்களைத் திருப்பிக் கேட்பேனே! இந்தச் சிக்கலை அண்ணனும் தங்கையும் என் கண்ணெதிரே மிகப் பொறுப்பாக விவாதித்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதை இவ்வளவு நாகரிகமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மோதிரத்தை என் நினைவாகப் போட்டுக்கொள்வதாக மச்சான் அறிவித்தார், குரல்கூடத் தழுதழுத்தது. செருப்பும் மந்திரக்கோலும் அவருக்கே போயின. சுருளை என் மனைவி எடுத்துக்கொண்டாள், அவசரத்துக்கு ஆகும் என்று. புருஷன் செத்துக் கிடப்பது அவசரக் கணக்கில் வராது போலிருக்கிறது. போய் டீ போட்டேன்.

டீயோடு திரும்பியபோது மச்சான் செத்திருந்தார். தீ நேரே அவரைத் தேடி வந்திருக்கிறது. டாக்டரம்மா அவர் காதிலும் ரகசியத்தைச் சொன்னார். கேட்டு முடித்ததும் மச்சான் என்னை முறைத்தார். இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று நினைத்திருப்பார். அடுத்த நொடியே முகத்தை மாற்றிக்கொண்டு தங்கையிடம் திரும்பினார்.

"சுருளைப் படிம்மா. நான் உன் கூடப் பொறந்தவன்."

நானும் அவளைப் பார்த்தேன். கட்டிய புருஷன் என்ற நப்பாசை.

"செத்தவங்க பேசக்கூடாதுண்ணா," என்றாள்.

பிறகு அண்ணனின் பிணத்தைப் புரட்டிச் செருப்பு, கோல், வாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். கடைசியாக மோதிரத்தைக் கழற்றித் தன் விரலில் மாட்டினாள். இரண்டு பேரை எரித்த மோதிரம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. கல்லின் அழகை டாக்டரம்மா அவ்வளவு வர்ணித்திருந்தார். டிராகனோ இன்னும் உயிரோடுதான் இருந்தது. டீ ஆறிவிட்டது, இருவரும் போய் வேறு போடுங்கள் என்று எங்களை அனுப்பினாள்.

அடுப்பின் முன்னால் நின்றோம். அவளும் செத்தால் சுருளைப் படிக்க ஆள் கிடையாது. என் மந்திரவாதி அதோடு சரி.

"போய்ச் சொல்லிடலாமா மாப்பிள்ளை?" என்றார் மச்சான் மெதுவாக.

அந்த மூன்று வருடத்தை நினைத்தேன். அவசரத்துக்கு ஆகும் என்று அவள் சொன்னதையும் நினைத்தேன். முன்னறையில் பகடை உருண்டது.

"சட்டம் நீங்க போட்டது மச்சான். கொஞ்சம் பொறுங்க, டம்ளர் கழுவ ஆள் வந்துடும்."