மடக்கிப் பார்க்காத விரல்

எக்ஸ்ரே படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சந்தனமாரியின் இடது மோதிர விரல் எலும்பு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஒரகடம் சாலை மருத்துவமனையின் கை அறுவை நிபுணர் காந்திமதிக்கு அதைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. அறுவை செய்தவன் அவரிடம் பயிற்சி பெறும் நம்பிராஜன். பிளாஸ்டிக் கையில் அறுவை பழக அவர் ஆராய்ச்சி செய்து உருவாக்கிய கம்ப்யூட்டர் பயிற்சிக் கருவியில் எல்லாரையும்விட அதிக மதிப்பெண் வாங்கியவன்.

“எங்க, கைய மடக்கும்மா.”

சந்தனமாரி மடக்கினாள். மோதிர விரல் நேராக இறங்காமல் நடுவிரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

காந்திமதி அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். எலும்பு முறுக்கிக்கொண்டு சேர்ந்திருக்கிறது. விரலை நீட்டி எடுத்த படத்தில் அது தெரியாது.

“நானும் இதத்தான் கேட்டேன் டாக்டரம்மா. படத்துல நேராத்தான் இருக்குன்னுட்டாவ,” என்றாள் சந்தனமாரி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். தொழிற்சாலை வேலைக்காகச் சேரப்பணஞ்சேரியில் வாடகை அறையில் தோழிகளோடு இருக்கிறாள். “ஸ்பேனரப் பிடிக்க முடியல. திங்கக்கெழம கம்பெனில கையப் பாப்பாவ. சரியில்லன்னா ஊருக்குப் போன்னுருவாவ.”

காந்திமதி நம்பிராஜனை வரவழைத்தார். “தையல் போடறதுக்கு முன்னாடி நாலு விரலையும் சேத்து மடக்கிப் பாத்தியா?”

அவன் அந்தக் கையைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது.

“இல்ல மேடம். கருவில அந்த ஸ்டெப் கெடையாதே.”

திமிராகச் சொல்லவில்லை, பாவம். உள்ளதைச் சொன்னான். பழகின கை பழகினதைத்தானே செய்யும்?

முதலில் கருவியில் அந்தப் படி இருந்தது. ஆனால் கருவியின் பிளாஸ்டிக் கையை மடக்கினால் எதுவும் தெரியாது. சென்சாருக்கும் அதை அளக்கத் தெரியாது. கடிகாரம் மட்டும் ஓடும். மடக்கிப் பார்த்த பொறுப்பானவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது, பார்க்காதவர்களுக்கு ஏறியது. ஆராய்ச்சிக் கணக்கே தலைகீழானது. டெல்லி கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பும் தேதியோ கழுத்தை நெரித்தது. நிஜமான கையில் யார்தான் பார்க்காமல் விடுவார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு காந்திமதி அந்தப் படியை நீக்கிவிட்டார். எல்லாருடைய மதிப்பெண்ணும் உயர்ந்தது. கட்டுரையும் தேர்வானது.

இந்தப் பெண் அடிபட்டு வந்த அன்று அவர் போட்ட கூச்சல் நினைவுக்கு வந்தது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. ஒரு நாளைக்கு இத்தனை என்ற டார்கெட்டை முடிக்க லைனில் எல்லாரும் ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிட்டு, ஒரு கையால் தகடு வைத்துக்கொண்டே மறு கையால் மெஷினை இறக்குவார்களாம். அப்படித்தான் இவள் விரல் மாட்டியது. “கையவிட டார்கெட் பெருசா? மூளை வேணாம்?” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தியிருந்தார். சந்தனமாரி அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது தப்பிக்க வழி இல்லாமலில்லை. பயிற்சி செய்தால் போகப் போகச் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிடலாம். டாக்டர் சொன்னால் நம்பிவிடுவாள். அந்தச் சொல் காந்திமதியின் நாக்கு நுனி வரை வந்தது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“விரல் தப்பா சேந்திருக்கும்மா. இவன் பாக்காம விட்டான். பாக்கணும்னு நான் பழக்கல. இவங்க பழகற மெஷின்ல அந்த ஸ்டெப்ப நான்தான் எடுத்துட்டேன். நேரமாவுது, மார்க் கொறையுதுன்னு எடுத்துட்டேன். திரும்ப ஆபரேஷன் பண்ணணும். தப்பு எங்களுதுன்னு கம்பெனிக்கு நானே வந்து சொல்றேன். கட்டுரையையும் திருப்பி வாங்கிக்கிறேன்.”

கட்டுரை என்னவென்று சந்தனமாரிக்குப் புரிந்திருக்காது. மற்றது புரிந்தது. விரலை இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“உங்களுக்கும் டார்கெட்டு உண்டா டாக்டரம்மா?”

“உண்டும்மா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள். காந்திமதியிடம் அல்ல, நம்பிராஜனிடம்.

“இந்தத் தடவ மடக்கிப் பாத்துட்டுத் தையல் போடுங்க, என்ன?”