டாங்கில் இருந்த வெள்ளம்

ஓணம் கழிந்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, திருவல்லத்துக்குக் கீழே அம்மிணியின் கடவில் நின்ற மோட்டார் படகின் டீசல் டாங்கிலிருந்து வெள்ளம் இறங்கத் தொடங்கி, புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு நின்றது. ஆண்டு 1996. டாங்கின் கொள்ளளவு இருபது லிட்டர். முதல் நாள் ஒரு பித்தளை அண்டாவும் பதினோரு தேங்காய்களும் இடது காலுக்கான ஒரு ரப்பர் செருப்பும் வந்தன. இரண்டாம் நாள் பலாமரக் கட்டில் ஒன்று வந்தது. டாங்கின் அடித்துளை அரை அங்குலம்தான் என்பதால் கட்டில் நீளவாக்கில் வந்தது.

படகு பழையது. ஆஞ்சிலி மரம், ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். அம்மிணியின் கணவர் சிவதாணு அதைக் கொச்சியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தபோதே எஞ்சினுக்கு வயது பத்து. கரமனையாறு கடலுக்குப் போகும் வழியில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களைக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. தொண்ணூற்றிரண்டு ஐப்பசி மழையில் சிவதாணு ஆற்றோடு போன பிறகு அம்மிணி சுக்கான் பிடித்தாள். அன்று முதல் படகு ஆற்றின் நடுவில் இரண்டு முறை இருமி நிற்கும் பழக்கத்துக்கு வந்தது. வந்து பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள். டாங்கில் வெள்ளம் உண்டு என்றார்கள், அடித்துளையைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்தார்கள், அடைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் படகு மறுபடி நின்றது. அம்மிணி நீளமான கழுக்கோலால் ஆற்றடியில் குத்திக் குத்திக் கரை சேர்ப்பாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்கள் ஒவ்வொருவராகப் பாலத்தைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள்.

இசக்கிப்பாண்டி வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி, சாலை என்ற கடைத்தெருவுக்கு வந்து அப்போது பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. பம்புசெட்டு உதிரிபாகக் கடையில் வேலை. நாற்பது வயது, எஞ்சின் கழற்றத் தெரிந்தவன், யாராவது கேட்டால் எஞ்சின் ஏன் ஓடுகிறது என்பதைச் சோறு ஆறும்வரை சொல்லக்கூடியவன். கேட்காவிட்டாலும் சொல்லுவான். அந்தக் கடைத்தெருவில் தமிழிலேயே தண்ணீர் கேட்டுக் குடிக்கலாம் என்பதால் மலையாளத்தில் அதற்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியாமலே இருந்தது. கதை நடந்தது இந்த ஒரு காரணத்தால்தான்.

"நான் வந்த பொறவு இது மூணாவது பில்டர். படகு தின்னுதா சேச்சி?" என்று கடைக்கு வந்த அம்மிணியிடம் கேட்டான்.

"தின்னட்டும். ஓடினா மதி. டாங்கில வெள்ளம் உண்டு," என்றாள் அம்மிணி.

இசக்கிப்பாண்டி பில்டரைப் பொட்டலம் கட்டுவதை நிறுத்தினான். அவன் ஊரில் வெள்ளம் என்றால் ஆறு கரை உடைத்து வருவது, வேறு பொருள் இல்லை. "எந்த வருஷத்து வெள்ளம்?" என்று கேட்டான்.

நான்கு வருடமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அம்மிணி கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டாள். "தொண்ணூற்றி ரெண்டு," என்றாள்.

கடைக்கு வெள்ளையடிக்க மூன்று நாள் லீவு விட்டிருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே இசக்கிப்பாண்டி ஸ்பானர் பையோடு கடவில் இறங்கினான். எண்ணெய் போகும் வழியில் தானும் போக வேண்டும் என்பது அவன் முறை. முதலில் டாங்கு மூடி. டாங்கு எவ்வளவு டீசல் கொடுக்கிறதோ அவ்வளவு காற்றை உள்ளே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டிக் கொடுப்பதை நிறுத்திவிடும். அதற்காக மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. படகு நின்றதும் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். படகை நடு ஆறுவரை ஓட்டி, நின்றதும் திறந்தான், சத்தம் வரவில்லை. அடுத்தது ரப்பர் குழாய். வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே ஊறி வீங்கிப்போய், எஞ்சின் இழுக்கும்போது சப்பென்று ஒட்டிக்கொள்ளும். வாய் வைத்து ஊதிப் பார்த்தான், நன்றாகவே இருந்தது. டீசலை எஞ்சினுக்குத் தள்ளிவிடும் ஃபீட் பம்பைக் கழற்றினான். அதன் தோலில் கிழிசல் இல்லை. கடைசியாக டாங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெயிலில் அசையாமல் வைத்தான். டீசல் இலேசு, மேலே மிதக்கும். தண்ணீர் கனம், கீழே தங்கும். கால் மணி நேரத்தில் இரண்டும் பிரிந்து நடுவே கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே மழை பெய்துகொண்டிருந்தது.

"இதான் விஷயம்," என்று அவன் பாட்டிலை அவளிடம் காட்டி விளக்கினான். எஞ்சினுக்குப் போகும் குழாய் டாங்கின் அடியைத் தொடாது, கட்டைவிரல் உயரத்துக்கு மேலே நிற்கும். கரையில் படகு மட்டமாக இருப்பதால் தண்ணீர் குழாய்க்கு எட்டாது. ஆற்று நடுவில் நீரோட்டம் படகைச் சாய்க்கும்போது எட்டிவிடும். எஞ்சின் தண்ணீரைக் குடித்து இருமும். "அதனாலதான் நடு ஆத்துல மட்டும் நிக்கி. ஆனா கிளாஸ்ல பிடிச்சா எப்படித் தீரும் சேச்சி? வெள்ளத்தைக் கிளாஸ்ல பிடிக்க முடியுமா?"

அம்மிணி பாட்டிலுக்குள் மழையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு சொன்னாள். அன்றைக்கு இப்படித்தான் பெய்தது. படகுக்கு இரண்டாம் கயிறு போட சிவதாணு இறங்கிப் போனார். படகில் ஏறித் திரும்பி நின்று, வீட்டு வாசலில் நின்ற அவளைப் பார்த்து என்னவோ கத்தினார். தகரக்கூரையில் மழை விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சரி என்பது போல அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். அடுத்த அலையில் அவர் இல்லை. மறுநாள் படகு மட்டும் கயிற்றில் கிடந்தது. டாங்கு மூடி அதன் சங்கிலியில் தொங்கியது. அவள்தான் அதை எடுத்து அடைத்தாள்.

"ரட்சிக்கச் சொல்லி விளிச்சாரோ என்னமோ. நான் கையை ஆட்டிட்டு நின்னேன்," என்றாள்.

இசக்கிப்பாண்டிக்கு எஞ்சினைப் பற்றிச் சொல்லத் தெரிந்த அளவுக்கு மற்றதைப் பற்றிச் சொல்லத் தெரியாது. "முழுசா இறக்கிப் பாப்போம்," என்றான். அவள் உடனே சம்மதிக்கவில்லை. அந்த மனிதரில் மீதி ஏதாவது இருந்தால் அது அந்த வெள்ளத்தில்தான் இருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் விடிந்தபோது அவளே வந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று நாள் இறங்கியது. கரையில் ஒதுங்கியவற்றை உடையவர்கள் வந்து எடுத்துப்போனார்கள். அண்டாவை மேலக்கடவுக்காரர் ஒருவர் தூக்கிப்போனார், செருப்பின் சொந்தக்காரன் நான்கு வருடமாக வலது செருப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். மீன் விற்கப் போகும் சரசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் உச்சிவேளையில் அவள்தான் உண்மையைச் சொன்னாள்.

"எடா பாண்டி, வெள்ளம்னா தண்ணி. உங்க ஊர்ல வெள்ளம் வந்தா கலெக்டர் வருவாரு. இவிடே தாகிச்சா வெள்ளம் குடிப்போம்."

பாண்டி என்பது அங்கே தமிழர்களைச் சீண்டுகிற சொல். அவன் பெயரிலேயே அது இருந்ததால் உறைக்கவில்லை. மற்றது உறைத்தது. "அப்பம் டாங்குல இருந்தது வெறும் தண்ணியா?" என்று காது சிவந்து கேட்டான். சரசம்மா கட்டிலைப் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "இப்பம் சொல்லி எந்து காரியம்? கட்டிலு வந்தாச்சே," என்றாள்.

நான்கு மணிக்குத் துளையிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்தது. சிவதாணுவின் பொருள் எதுவும் வரவில்லை. ஒரு பொத்தான்கூட இல்லை. அம்மிணி முந்தானையால் டாங்கின் உட்புறத்தைத் துடைத்தாள், தொட்டில் துடைப்பது போல.

"இன்னும் முடியல சேச்சி," என்றான் இசக்கிப்பாண்டி. "தண்ணி போனா அந்த இடத்துல காத்து நிக்கும். டீசல் எஞ்சினுக்குத் தண்ணியைவிடக் காத்து மோசம். இனி ஏர் எடுக்கணும்." புது டீசல் ஊற்றினான். பில்டர் தலையில் இருக்கும் சின்னத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை விரலால் அழுத்தத் தொடங்கினான். முதலில் நுரை வந்தது, பிறகு கடுகு கடுகாகக் குமிழிகள். அவை நின்று சுத்தமான டீசல் வந்தால் திருகை முறுக்கிவிடலாம். நிற்கப் போகிற நேரத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு குமிழி வந்து திருகின் வாயில் உட்கார்ந்தது. உடையவில்லை.

அவன் விரலை எடுத்துவிட்டான். "இது உங்களுக்கு உள்ளது," என்றான்.

அம்மிணி குனிந்து காதை வைத்தாள். குமிழி உடைந்தது. நனைந்த பீடி வாசனை வந்தது. மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது:

"அம்மிணீ, டாங்கு மூடிய இன்னும் அடைக்கல்ல, கேட்டியா? நான் பாத்துக்கிடுதேன். நீ உள்ள போ, நனையாத."

"இத்ரயேயுள்ளோ! இவ்வளவுதானா!" என்றாள் அம்மிணி. சிரித்தாள், அந்தச் சிரிப்பு பாதியில் திசைமாறி அழுகையாகி, மறுபடி சிரிப்பாக வந்து சேர்ந்தது. சரசம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "சாகப் போகும்போளும் மறந்துபோன வேலையைப் பெண்டாட்டிகிட்டச் சொல்லிட்டே போறானுவ," என்று திட்டினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். நான்கு வருடத்துக்கு முன் அம்மிணி தூக்கிக் காட்டிய கை சரியான பதில்தான் என்று ஆயிற்று.

இசக்கிப்பாண்டி திருகை முறுக்கினான். எஞ்சினைக் கையால் சுழற்றினான், இரண்டாவது சுற்றில் பிடித்தது. அன்று மாலை ஆறு முறை கடந்தார்கள், படகு இருமவில்லை. வியாழக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இசக்கிப்பாண்டி இதன்பிறகு மலையாளம் நன்றாகக் கற்றுக்கொண்டான். ஆனாலும் வாடிக்கையாளர் யாராவது டாங்கில் வெள்ளம் என்றால், எந்த வருஷத்தது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் சாமானை எடுத்தான். 2003இல் எஞ்சினை மாற்றியபோது அந்தப் பழைய பில்டர் தலையை மட்டும் புது எஞ்சினில் பொருத்தித் தந்தவனும் அவன்தான்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் மழை நாளில் அதில் ஏர் எடுத்தால் ஒரு குமிழி வரும். வேறு ஒன்றும் சொல்லாது, "நனையாத" என்று மட்டும் சொல்லும். அம்மிணி திருகை முறுக்குவாள், டாங்கு மூடியை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள், குடையை விரித்துக்கொண்டு படகை எடுப்பாள்.